உன் மஞ்சள் காகிதங்களுக்கு அம்மாவின் பதில்

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சுவர் முழுக்க மஞ்சள் காகிதமாக ஒட்டிவைத்துக்கொண்டு, "காசைப் பத்தி யோசிக்காதீங்க, நம்ம கருவாட்டுக் கடையைப் பத்து மடங்கு பெரிசாக்க என்ன பண்ணலாம், வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க" என்று நீ கேட்டதும் எங்கள் எல்லோருக்கும் வாயடைத்துப் போச்சு. கடைசியில் நைனாதான் "ஒரு புதுத் தராசு வாங்கலாம்" என்றார், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அவர் பாவம், நிஜமாகத்தான் சொன்னார். பழைய தராசு ஐம்பது கிராம் கூடக் காட்டுது.

நீ அனுப்பிய பட்டியலைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்து மூன்று நாளாகப் பார்க்கிறேன். மெட்ரோ ஸ்டேஷனில் கடை வேண்டாம், கருவாட்டு மூட்டையைப் பிரித்தால் விம்கோ நகர் வரைக்கும் பெட்டி காலியாகத்தான் போகும். சிங்கப்பூருக்கு அனுப்பலாம் என்கிறாய், சரி, அதற்குக் கடல்பொருள் ஏற்றுமதி ஆணையத்தில் பதியணும், ஏற்றுமதி நம்பர் வாங்கணும், அவ்வளவையும் வாங்கிவிட்டு அனுப்பச் சரக்கு எங்கே? பாட்டிலில் சென்னாகுனித் தொக்கு, அந்தப் பொடி இறால் தொக்கு எனக்குப் பிடித்தது. ஆயா கைப்பக்குவம் எனக்கு அப்படியே வராது, ஆனாலும் முக்கால்வாசி வரும்.

பாக்கெட் போட்டு விற்கிற யோசனையை நீ சொல்வதற்கு முன்னாடியே நான் செய்து பார்த்து அடிபட்டது உனக்குத் தெரியாது. போன ஐப்பசியில் நெத்திலியை இருநூறு கிராம் கவரில் போட்டு, சீல் வைத்து, பேர் எல்லாம் ஒட்டினேன். பேர் ஒட்டின பாக்கெட் என்றால் 5 சதவீதம் ஜிஎஸ்டி, சாக்கில் இருந்து அள்ளிக் கொடுத்தால் கிடையாது, அது வேறு கதை. நாலே நாளில் கவருக்குள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அறுபது பாக்கெட்டையும் குப்பையில் கொட்டினேன், நைனாவிடம் பாதிதான் என்று சொல்லியிருக்கிறேன், நீ உளறிவைக்காதே. தப்பு கவரில் இல்லை. நெத்திலி நல்லா காய்ந்திருந்தால் விரலால் வளைத்ததும் மளுக்கென்று உடையணும், அன்றைக்கு அது ரப்பர் மாதிரி வளைந்தது, நானும் பார்த்தேன், அவசரத்தில் போட்டுவிட்டேன்.

அதில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. அக்னி நட்சத்திரம் கொளுத்துகிற அந்த நேரத்தில் தரையில் போட்டாலே காயும், ஆனால் காயவைக்க மீன் இல்லை, ஃபைபர் படகில் வருகிற கொஞ்சநஞ்சமும் குழம்புக்கே போய்விடும். ஐப்பசி கார்த்திகையில் மீன் வரும், வெயில் வராது. நடுவில் ஆடி. தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றும்போது ஊரே கருவாடு கேட்கும், நாம் அப்போது வெளியூர் வியாபாரியிடம் அவன் சொல்கிற விலைக்கு மூட்டை வாங்கி விற்கிறோம். நாலு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஒரு கிலோ தேறும், அதிலும் காக்காய்க்கும் பூனைக்கும் பங்கு. உன் நாற்பது காகிதமும் விற்பதைப் பற்றித்தான் பேசுது, காயவைப்பதைப் பற்றி ஒன்றுகூட இல்லையே பாப்பா.

என் யோசனை இதுதான், பெரிசா சின்னதா என்று நீயே சொல். மொட்டைமாடியில் சூரிய உலர்த்தி போடணும். பிளாஸ்டிக் கூடாரம், உள்ளே அடுக்குத் தட்டு, காற்றை இழுக்க ஒரு ஃபேன், மழை நாளுக்குக் கரண்டிலோ கேஸிலோ ஓடுகிற மாதிரி. கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்த மாதிரி செய்து வைத்திருக்கிறது. தனியாக நாம் போட முடியாது. நம் தெருவில் கருவாடு போடுகிற இன்னும் நாலு பெண்களையும் சேர்த்துக்கொண்டால் முடியும், இரண்டு பேர் சரி என்று சொல்லியாச்சு, ஒருத்தி மட்டும் "யார் சரக்கு யார் தட்டில்னு தினம் சண்டை வரும்" என்கிறாள். வரும்தான்.

மழையிலும் மளுக்கென்று உடைகிற கருவாடு நம் கையில் இருந்தால் அப்புறம் உன் வெப்சைட், தொக்கு, சிங்கப்பூர் எல்லாவற்றையும் பேசலாம். வாசனை வெளியே கசியாத கவரும் கண்டுபிடி, அங்கே உன் வீட்டு ஓனரம்மா கருவாடு வறுத்ததற்குப் போட்ட சண்டை எனக்கு இன்னும் ஆறவில்லை.

உலர்த்திக்கு என்ன செலவு, மானியம் ஏதாவது உண்டா, இதை மட்டும் விசாரித்து வை. வருஷப் பிறப்புக்குத்தானே வருகிறாய், மறுநாளே தடை தொடங்கிவிடும். அதனால் ஒரு வாரம் முன்னாடியே லீவு போடு. விடியற்காலை மூணு மணிக்குக் காசிமேட்டு மீன் ஏலத்துக்குக் கூட்டிப்போகிறேன், நெத்திலி என்ன விலைக்குப் போகுது என்று நீயே எழுதிக்கொள். பழைய செருப்பு ஒன்று எடுத்து வா.

அம்மா