சேலம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் பட்டறை நடத்தும் உங்களுக்கு, ஒரு கொலுசுத் தொழிலாளியின் மகளாக இம்மடலை எழுதுகிறேன். பற்றவைப்பு வேலையில் முப்பது ஆண்டுகளைக் கழித்த என் தந்தையின் காலில் ஒருநாள் சூடான வெள்ளித் துணுக்கு விழுந்தது. அவருக்கு அது உறைக்கவே இல்லை. இரவு கால் கழுவும்போது அம்மாதான் கொப்புளத்தைக் கண்டார். அது புண்ணாகி, ஆறு வாரத்தில் பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பழுதாகின்றன. உடலின் மிக நீண்ட நரம்புகள் பாதம்வரை செல்வதால் மரத்துப்போதல் அங்கே தொடங்கி, பிறகு கை விரல்களுக்கும் வருகிறது. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லை உப்பிச் சுருங்குவதால், இன்று துல்லியமாகத் தெரிந்த வளையம் அடுத்த வாரம் மங்கலாகத் தெரியும். விழித்திரையில் ஏற்படும் கசிவோ, பார்வை குறையும்வரை வெளியே தெரியாது. சிறுநீரகமும் இதயமும் அப்படித்தான் ஓசையின்றிக் கெடுகின்றன. கண்ணையும் விரலையும் நம்பி வாழும் கொலுசுத் தொழிலாளிக்கு இது பிழைப்பையே பறிக்கும் நோய்.

வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்பது மருத்துவ அளவுகோல். வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து மறுமுறை என இரத்தம் கொடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். செய்த வேலைக்கே கூலி என்பதால் ஒருவரும் போவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை அந்த அரை நாளுக்குக் கூலி கொடுங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் வீடு தேடி வரும் பகல் பொழுதில் நம் ஆட்கள் பட்டறையில்தான் இருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பட்டறைத் தேநீரையும் கவனிக்க வேண்டும். ஒரு குவளைக்கு 2 தேக்கரண்டி வீதம் நாளுக்கு 5 குவளை குடித்தால் சர்க்கரை மட்டும் ஏறத்தாழ 40 கிராம் ஆகிறது. நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேநீரைச் சர்க்கரையின்றி வரவழைத்து, வேண்டுவோர் போட்டுக்கொள்ள விடலாம். ஆயினும் சர்க்கரை டப்பா பட்டறையில் இருந்தே ஆக வேண்டும். முகூர்த்த மாதங்களின் அவசரத்தில், மாத்திரை போட்டுக்கொண்டவர் மதிய உணவைத் தள்ளிப்போட்டால், சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். எரியும் சுடருக்கு முன்னால் அப்படி ஆவது பேராபத்து. நினைவோடு இருப்பவருக்கு உடனே 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

வெள்ளித் தூள் ஒட்டிப்போகும் என்பதால் தந்தையின் பட்டறையில் செருப்புக்கு இடமில்லை. உங்கள் கவலை நியாயமானதே. பட்டறையை விட்டு வெளியே போகாத, விரல்களை மூடிய காலணி ஒரு சோடி ஒவ்வொருவருக்கும் வாங்கி வையுங்கள். அதில் ஒட்டும் தூளை அங்கேயே தட்டி எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு கொலுசுத் தொழிலாளியின் மகள்,
சேலம்.