கூடுதுறையில் நீர்மட்டக் கருவி அமைக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஆற்றோர நெசவாளர் குடும்பங்கள்,
பவானி, ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஈரோடு மாவட்டம்.

பொருள்: காவிரியும் பவானி ஆறும் கூடும் கூடுதுறையில் நீர்மட்டத்தை அளந்து, வெள்ளம் ஏறும் உயரத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் ஜமக்காளம் நெய்து பிழைப்பவர்கள். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்திருக்கிறது என்பது செய்தியில் வந்துவிடுகிறது. ஆனால் எங்கள் வாசலில் எத்தனை அடி ஏறும் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. அதே நாட்களில் பவானிசாகர் தண்ணீரும் வந்தது. காவிரி உயர்ந்து நின்றால் பவானி ஆறு அதில் இறங்க வழியில்லாமல் எதிர்த்துக்கொண்டு ஊருக்குள் ஏறும். மத்திய நீர் ஆணையம் காவிரியை ஊராட்சிக்கோட்டையிலும் பவானியைச் சவண்டப்பூரிலும் அளக்கிறது. இரண்டுமே ஆறுகள் கூடும் இடத்துக்கு மேலே இருக்கின்றன.

எங்களுடையது குழித்தறி. தண்ணீர் வாசலைத் தாண்டினால் முதலில் நிறைவது மிதி இருக்கும் அந்தக் குழிதான். பாவு (நீளவாக்கு நூல்) பூட்டிய தறியை அவசரத்துக்குக் கழற்ற முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுத்தால் பல நாள் வேலை போச்சு. அறுக்காமல் விட்டால் நூல் நனைந்து சாயம் இறங்கிவிடும். ஒலிபெருக்கி வண்டியில் "பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்" என்று மட்டும்தான் கேட்கிறது. எத்தனை மணிக்கு, எத்தனை அடி என்று தெரிந்தால், நூலைப் பரணில் ஏற்றினால் போதுமா, பாவையே அறுக்க வேண்டுமா என்று நாங்கள் முடிவெடுத்துக்கொள்வோம்.

கடலோரத்திலும் இதே சிக்கல் உண்டு. புயலில் கடல் பொங்கி நிற்கும்போது ஆற்று வெள்ளம் முகத்துவாரத்தில் இறங்காமல் பின்னால் ஏறுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, துறைமுகங்களில் உள்ள கருவிகள் கடல்மட்டத்தை உடனுக்குடன் ஐதராபாத் கடல்சார் தகவல் மையத்துக்கு அனுப்புகின்றன. கடலுக்குச் செய்வதை இரண்டு ஆறுகள் கூடும் ஓர் ஊருக்கும் செய்துதர வேண்டுகிறோம்.

கூடுதுறைக்குச் சற்றுக் கீழே காவிரியில் ஒன்று, பவானி ஆற்றுப் பாலத்தருகே ஒன்று என இரண்டு தானியங்கிக் கருவிகள் வேண்டும். அப்புறம், 2018 வெள்ள உயரத்தைக் குறித்த அளவுப் பலகை கரையோரத் தெருக்களில் வேண்டும். அறிவிப்பும் "பலகையில் இத்தனை அடி வரை வரும்" என்றே இருக்கட்டும். ஆடிப்பெருக்கன்று கூடுதுறைப் படித்துறையில் குழந்தைகளோடு பெருங்கூட்டம் நிற்கும். அதற்கு முன்பே இவை அமைய ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆற்றோர நெசவாளர் குடும்பங்கள், பவானி.

இணைப்பு: கையொப்பத் தாள்கள், 2018 வெள்ளத் தடம் பதிந்த வீட்டுச் சுவர்களின் படங்கள்.