மூணு விடு, ரெண்டு நிரப்பு

அன்புத் தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "பெரியம்மாவுக்கு அவ்வளவு முடியாமல் கிடந்தபோது என்னை ஏன்மா கூப்பிடவில்லை?" என்று. எனக்கு வாய் வரவில்லை, போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் ஆடி. நம் சேலத்துக் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டினால் பெரியம்மா போய் ஒரு வருஷம். அதற்குள் உனக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

சேலைக்கு டிசைன் போடுகிற அவள் வேலை உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாய். கிராஃப் தாளில் ஒரு வரிசை என்றால், தறிக்கு மேலே டிசைனுக்கென்று மாட்டுகிற ஜக்கார்டில் ஓர் அட்டை. ஓர் அட்டைக்கு ஓர் ஊடை, குறுக்கே ஓடுகிற நூல். பென்சிலால் நிரப்பிய கட்டத்தில் ஓட்டை குத்துவார்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு, அதாவது நெடுக்கு நூல், மேலே எழும். ஒரு கட்டம் தப்பினால் சேலை முழுக்க அத்தனை கிளிக்கும் மூக்கு கோணல். அம்மாப்பேட்டையில் டிசைன் போடுகிற ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் கிளி வேண்டுமென்றால் தறிக்காரர்கள் நம் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

அந்தக் கிளி எங்கிருந்து வந்தது தெரியுமா? சுகவனேசுவரர் கோயிலிலிருந்து. கிளி முகத்தோடு சுகமுனிவர் பூஜித்த இடம் அது, சாமிக்கே கிளிவண்ணமுடையார் என்று ஒரு பேர் உண்டு. புது டிசைன் தொடங்குகிற அன்று அங்கே போய்விட்டு வந்து, அந்தப் பேரைச் சொல்லிவிட்டுத்தான் பென்சிலைச் சீவுவாள். அப்புறம் திருப்புகழ். அருணகிரிநாதர் நம் ஊர் முருகனையும் பாடியிருக்கிறார் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. தத்தன தான என்று சந்தத்தை முணுமுணுத்துக்கொண்டே கட்டத்தை எண்ணுவாள். கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் தனியாக வந்து நின்றவள். அந்தப் பாட்டும் பென்சிலும்தான் அவளைத் தூக்கி நிறுத்தின என்று நான் நினைக்கிறேன்.

நோயைப் பற்றி அதிகம் எழுத மனசில்லை. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். மார்பில் கட்டி தட்டுப்பட்டு ஏறக்குறைய ஒரு வருஷம் என்னிடம்கூடச் சொல்லவில்லை. "வலிக்கவே இல்லையேடி, அதான் விட்டுட்டேன்" என்றாள். வலிக்காததுதான் வம்பு என்று டாக்டர் சொன்னபோது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை, கண்ணு. ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாமல் போச்சே. மருமகளிடம் இதை நீயே எடுத்துச் சொல்லு. கூச்சப்பட வேண்டாம்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ. முடி போனதுக்கு அவள் அழவில்லை. விரல் நுனி மரத்துப்போய்ப் பென்சில் நழுவி விழுந்த அன்றைக்குத்தான் அழுதாள். பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முருகனைத் திட்டினாள், நான் வெளியே நின்று கேட்டேன். "பக்தியோட பொறுத்துக்கிட்டாங்க" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். பொறுத்துக்கொண்டாள்தான். ஆனால் சண்டையும் போட்டாள். அதுவும் உனக்குத் தெரிய வேண்டும்.

போன வருஷம் ஏப்ரலில் ஏற்காடு போக வேண்டும் என்றாள். இருபது கொண்டை ஊசி வளைவு, வயிறு தாங்காதே என்றேன், கேட்கவில்லை. இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தாள். சேர்வராயன் கோயில் குகையில் குனிந்து குனிந்து உள்ளே போய், தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு மொட்டைத் தலையோடு சாமி முன்னால் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. திரும்பும்போது தோட்டமெல்லாம் காப்பிப் பூ. பத்து நாளுக்கு முன்னால் ஒரு மழை பெய்திருந்ததாம், அதற்குப் பூத்தது. மல்லிகை மாதிரி வாசம். இரண்டு மூன்று நாள்தான் நிற்கும் என்றார் தோட்டத்து ஆள். ஒரு கொத்தை மடியில் வைத்துக்கொண்டு கீழே வருகிற வரைக்கும் இதழை எண்ணிக்கொண்டே வந்தாள். அஞ்சு.

மறுநாளே கிராஃப் தாளை எடுக்கச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். "மூணு விடு, ரெண்டு நிரப்பு. ஒண்ணு விடு, நாலு நிரப்பு." எனக்கு என்ன தெரியும், கோலம் போட்டால்கூடப் புள்ளி தப்புகிறவள். தப்பினால் கண்ணை மூடிக்கொண்டே "அந்த வரிசையை அழி" என்பாள். எப்படித்தான் தெரியுமோ. ஒரு நாளைக்கு நாலு வரிசை, முடியாத நாளில் ஒன்று. மூச்சு வாங்கும், நிறுத்துவாள், மறுபடி விட்ட இடத்திலிருந்தே சொல்வாள்.

கடைசி வாரம் நான் உனக்குப் போன் போட எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்டி. அவன் அழுவான். அவன் அழுது நான் கேட்டால் கணக்கு விட்டுப்போயிடும். இன்னும் பன்னிரண்டு வரிசை இருக்கு" என்றாள். அதற்கு மேல் என்னால் மீற முடியவில்லை. உன்னை அவள் ஒதுக்கவில்லை, தம்பி. உன் குரல் ஒன்றுக்குத்தான் அவள் பயந்தாள்.

பன்னிரண்டில் ஒன்பது முடிந்தது. மீதி மூன்றும் முதல் மூன்று வரிசையைத் திருப்பிப் போட்டால் சரியாக வரும் என்று தறிக்காரர் பார்த்துச் சொன்னார், அப்படியே போட்டோம். அட்டை குத்தியாகிவிட்டது. மருமகளுக்கு என்று சொல்லித்தான் அவள் இதைத் தொடங்கினாள், ஆனால் நிறம் சொல்லவில்லை. காப்பிப் பழச் சிவப்பு நன்றாக இருக்கும் என்கிறார் தறிக்காரர், எனக்கென்னவோ அந்த இலையின் கரும்பச்சைதான் கண்ணில் நிற்கிறது. மருமகளைக் கேட்டு எழுது. ஆடி கழிந்ததும் பாவு போட்டுவிடுவார்.

அன்புடன்,
அம்மா