சில்வர் கலர் கதவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. ஆனாலும் விடிகாலையில் எருமைக்குச் சோளத்தட்டு போடும் வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். சின்னவள் பெருந்துறையில் காலேஜில் சேர்ந்துவிட்டாள், ஹாஸ்டல்தான். ஆடி முடிந்தும் பல்லடத்தில் காற்று அடங்கவில்லை. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்று காற்றாலைக்காரர்களுக்கு நல்லது, காருக்குப் பெயிண்ட் அடிக்கிற நமக்கு இரண்டு மாதமும் போராட்டம். புழுதி ஒருபக்கம், தறிக்குடோன்களிலிருந்து பறந்து வரும் பஞ்சு ஒருபக்கம். கிளியர், அதாவது நிறத்துக்கு மேலே அடிக்கிற பளபளப்புப் பூச்சு, அடித்த ஈரத்தில் ஒரு பஞ்சு ஒட்டினால் போதும், பானெட் முழுக்க மறுபடி தேய்க்க வேண்டும். அதனால் இப்போதெல்லாம் விடியற்காலையிலேயே தரையை நனைத்துவிட்டு, காற்று கிளம்புவதற்குள் கிளியரை முடித்துவிடுகிறோம்.

சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். சில்வர் கலர் காரின் முன்கதவை அடித்துக் கொடுத்தாய். எடுத்துப் போனவர் மறுநாள் திரும்பி வந்து, கதவு வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது போல இருக்கிறது என்று ஷெட் வாசலில் நின்று சத்தம் போட்டார். மீதிப் பணமும் தரவில்லை. வண்டியின் கலர் கோடு (நிறத்துக்கான கம்பெனி எண்) பார்த்துத்தான் கலக்கி வாங்கினேன், டப்பாவும் புதுசு, அப்புறம் எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறாய். உன் வருத்தம் எழுத்திலேயே தெரிகிறது. சங்ககிரியில் இத்தனை காலம் லாரிக்கு அடித்த கை உன்னுடையது. அந்தக் கையைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. ஆனால் லாரி கேபினும் பாடியும் முழுசாக ஒரே டப்பாவில் அடிப்பது. பழைய பெயிண்டுக்குப் பக்கத்தில் புதுப் பெயிண்ட் நிற்கிற நிலைமை அங்கே அபூர்வம். காரில் தினமும் அதுதான் வேலை.

சில்வரைப் போலத் தொல்லை பிடித்த நிறம் வேறு இல்லை. உள்ளே இருப்பது அலுமினியத் தூள். அது எப்படிப் படுக்கிறதோ அப்படித்தான் நிறம் தெரியும். ஸ்ப்ரே கன்னைப் பக்கத்தில் பிடித்து ஈரமாக அடித்தால் கருக்கும். தள்ளிப் பிடித்து, காற்றை ஏற்றி, உலர்வாக அடித்தால் வெளுக்கும். ஒரே டப்பா, ஒரே கை, காலையில் ஒரு நிறம், மத்தியான வெயிலில் தின்னர் சீக்கிரம் பறந்துபோவதால் இன்னொரு நிறம். இதுபோக நேரே நின்று பார்த்தால் ஒன்றாகத் தெரிவது, பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் பிரிந்து தெரியும். கம்பெனியில் மெஷின் அடித்த பெயிண்ட் பல வருஷம் வெயிலில் கிடந்து மாறியும் இருக்கும். கலர் கோடு, அந்த வண்டி பிறந்த அன்றைக்கு என்ன நிறம் என்று மட்டும்தான் சொல்லும்.

அதனால் சில்வரோ, வேறு மெட்டாலிக்கோ, கதவை மட்டும் தனியாக அடித்துக் கொடுக்க நான் ஒப்புக்கொள்வதில்லை. நிறம் தருகிற பேஸ் கோட் பூச்சைக் கதவில் முழுசாக அடித்து, இரண்டு பக்கத்துப் பேனலுக்குள்ளும் மெல்லப் பரத்திவிட்டு, கிளியரை மூன்று பேனலுக்கும் முழுக்க அடிக்க வேண்டும். அப்போதுதான் கண்ணுக்குக் கோடு தெரியாது. இங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். "ஏனுங்க, கதவுக்குத்தானுங்க அடி பட்டுச்சு? பெண்டர்ல எதுக்குங்க கை வைக்கறீங்க?" என்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நல்லா இருக்கிற இடத்தைத் தொட்டுக் காசு வாங்கப் பார்க்கிறான் என்று யாருக்கும் தோன்றும். இந்தக் கேள்வி வேலை ஆரம்பிக்கும் முன்னால் வந்தால் அது பேச்சு. வேலை முடிந்த பிறகு வந்தால் அது சண்டை. உன்னிடம் வந்தவரிடம் முதல் நாளே இதைச் சொல்லி, கதவு மட்டும் போதும் என்று அவர் வாயால் சொல்லியிருந்தால், மறுநாள் அவர் வந்து நின்ற விதமே வேறாக இருந்திருக்கும்.

நான் செய்வது இதுதான். கையகல அட்டையில் அதே பெயிண்டை, அதே கன்னில், அதே காற்றில் அடித்து, மேலே கிளியரும் அடித்துக் காயவைத்துவிடுவேன். கிளியர் இல்லாத அட்டையைக் காட்டாதே, நிறம் ஏமாற்றிவிடும். அப்புறம் வண்டிக்காரரை வரச்சொல்லி, வண்டியை வெயிலுக்குத் தள்ளி, அட்டை ஒட்டுகிற இடத்தை முதலில் பாலிஷ் போட்டுத் துடைத்துவிட்டு, அவர் கையிலேயே அட்டையைக் கொடுத்துவிடுவேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒத்துப்போகிற நிறம் வெயிலில் பிரிந்துபோகும். அதனால் ஷெட்டுக்குள் நிறத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. "அச்சு அசலா வரும்" என்றும் ஒருநாளும் சொல்லாதே. "வெயிலில் உத்துப் பார்த்தால் இவ்வளவு தெரியும், உங்களுக்குச் சம்மதமா?" என்று அட்டையை வைத்தே கேள். சம்மதம் என்றால் அட்டையின் பின்னால் தேதி போட்டு, அவர் கையெழுத்தை வாங்கி ஆணியில் மாட்டிவை. கையெழுத்துப் போட்ட மனுஷன் அப்புறம் வந்து சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது திருப்பூரிலிருந்து வந்த ஒரு சாயப்பட்டறை முதலாளியிடம். வெள்ளை இன்னோவா, பின்பக்க டோர் நசுங்கி வந்தது. டொயோட்டாவில் 040 என்றால் சாதா வெள்ளை, கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். இது 070, முத்து வெள்ளை. அடியில் ஒரு வெள்ளை, நடுவில் பேர்ல், மேலே கிளியர் என்று மூன்று அடுக்கு. நடு அடுக்கு ஒரு கோட் கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறிவிடும். அவர் ஆபீஸ் நாற்காலியில் உட்காரவே இல்லை. அட்டையை வாங்கி, கதவோடு ஒட்டிப் பிடித்து, நேராகப் பார்த்தார். பிறகு ஹெட்லைட் பக்கம் போய்க் குந்த வைத்து உட்கார்ந்து, கண்ணைப் பேனலோடு பேனலாகச் சாய்த்துப் பார்த்தார். நிழலுக்கு நகர்த்தச் சொல்லி அங்கேயும் பார்த்தார். "சாஞ்சு பார்த்தா மஞ்ச தூக்குதுங்க. நேரா பாக்கறப்ப சரியாத்தான் இருக்கு" என்றார். எங்கள் பையன்களுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் அவர் சொன்னது முழுக்க நிஜம். பேர்ல் ஒரு கோட் அதிகம். அவர்கள் தொழிலில் ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் துளி ஷேடு மாறினாலும் துணி திரும்பி வந்துவிடும். லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்தில் ஒருதரம், கடை வெளிச்சத்தில் ஒருதரம் என்று வைத்துப் பார்த்தே பழகிய கண். கோட் குறைத்து, கோட் கூட்டி என்று வரிசையாக அட்டை அடித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் எடுத்த அட்டையின்படி அடித்தேன். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் பில் பணத்தைக் கொடுத்தார். அவர் அனுப்பி வந்த வண்டிகளே எங்கள் ஷெட்டில் பாதி. தொல்லை பிடித்த ஆள் என்று அன்றைக்குப் பையன்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அவரைப் போல நாலு பேர் வந்தால் போதும்.

நிஜமான தொல்லை வேறு வகை. "அந்தக் கடையில பாதி ரேட்டுக்குச் சொல்றாங்க" என்று வருகிறவர்கள். அவர்களோடு விலை பேசி இறங்காதே. அந்தப் பாதி ரேட் எங்கிருந்து வருகிறது என்று காட்டிவிடு. பழைய பானெட் துண்டு ஒன்றில் பாதிக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) என்கிற மலிவுப் பெயிண்டும், பாதிக்கு ஹார்டனர் என்கிற இறுக வைக்கும் மருந்து கலந்த பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டும் அடித்து வைத்திருக்கிறேன். வெள்ளைத் துணியில் தின்னரை நனைத்து அவரையே தேய்க்கச் சொல்வேன். என்.சி. பக்கம் தேய்த்தால் துணியிலேயே கலர் வந்துவிடும். பி.யூ. பக்கம் துணி வெள்ளையாகவே இருக்கும். பெட்ரோல் டேங்க் மூடியைச் சுற்றி மங்கிப்போன வண்டிகளை நீயே எத்தனை பார்த்திருப்பாய்! ஐப்பசி மழையில் அடித்த என்.சி. வெள்ளை பூத்துப்போவதையும் பார்த்திருப்பாய். இதையெல்லாம் பார்த்த பிறகும் என்.சி. போதும் என்று கேட்பவர்கள் உண்டு. விற்கப்போகிற பழைய வண்டி, கையில் காசு இல்லை என்றால் அதில் தப்பில்லை. பில்லில் என்.சி. என்று எழுதிக் கொடு, அவ்வளவுதான்.

பட்டியும் (பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை) அப்படித்தான். ஒடுக்கை இழுத்து எடுக்காமல் பட்டியை அப்பி மறைத்தால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். இப்போது வண்டி வாங்குகிறவர்கள் காந்தத்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள், தெரியுமா? ஒட்டாத இடத்தில் பட்டி கனம் என்று விலையைக் குறைத்துவிடுவார்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி ஏறாமல் டிங்கரிங்கிலேயே முடித்துவிடு. பட்டிக்கு ஹார்டனரைக் கூடுதலாகப் போட்டுச் சீக்கிரம் காயவைக்கிற பழக்கத்தையும் பையன்களிடம் விட்டுவைக்காதே. பல நாள் கழித்துப் பெயிண்டுக்கு மேலே கறையாக எழும்பி வரும்.

இன்சூரன்ஸ் வேலையில் வேறொரு தலைவலி. இடித்த பம்பரோடு, பழைய கீறலையும் சேர்த்து எழுதிவிடுங்க என்பார்கள். நான் செய்வதில்லை. சர்வேயர் வந்து பார்ப்பார், துரு ஏறிய கீறல் எப்போது விழுந்தது என்று அவருக்கும் தெரியும். அந்த இடத்துக்கு மட்டும் தனி பில், குறைந்த கூலிக்குச் செய்து தருகிறேன் என்று சொல்லிவிடுவேன். இன்னொன்று, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத வசதி) இல்லாத பாலிசி என்றால் பிளாஸ்டிக் பம்பருக்குப் பாதி கழிப்பார்கள். பெயிண்டிங்கிலும் மெட்டீரியல் விலையில் பாதி கழியும். கூலியும் மெட்டீரியலும் சேர்த்து மொத்தமாக பில் போட்டால், அதில் 25 சதவீதத்தை மெட்டீரியல் என்று கணக்கெடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். இதை முன்னாலேயே சொல்லாவிட்டால், வண்டி எடுக்கிற அன்றைக்கு நாம்தான் பணத்தை எடுத்துக்கொண்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன வாரம் ஒரு பொள்ளாச்சிப் பையன் வந்தான். தாத்தா வைத்திருந்த ஜீப்பை மேட் பிளாக், அதாவது பளபளப்பில்லாத கருப்பு, அடிக்க வேண்டுமாம். எனக்கே ஆசையாக இருந்தது. ஆனாலும் உட்கார வைத்துச் சொன்னேன். மேட்டில் கீறல் விழுந்தால் தேய்த்து ரப்பிங் பாலிஷ் போட முடியாது, போட்டால் அந்த இடம் மட்டும் பளபளத்து நிற்கும், பேனலையே மறுபடி அடிக்க வேண்டும். தோட்டத்துப் பாதையில் தென்னை மட்டைகூட உரசும். ஆர்.சி.யில் பச்சை என்று இருப்பதை ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி மாற்றவும் வேண்டும். யோசித்துவிட்டு, பழைய பச்சையையே புதுசாக அடிக்கச் சொல்லிவிட்டான். அந்த வண்டிக்கு அதுதான் அழகு. கூலி கொஞ்சம் குறைந்தது, எனக்கு அதில் வருத்தமே இல்லை.

சத்தம் போடுகிறவரிடம் எப்படிப் பேசுவது என்றும் கேட்டிருந்தாய். முழுசாகப் பேசி முடிக்க விடு. பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விடு. வண்டிக்கு முன்னால் நின்றால் பேச்சு தானாக வண்டியைப் பற்றியதாகிவிடும். பையன்கள் முன்னால் அவரை மடக்காதே. "உங்க கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுது" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவே கூடாது. அப்புறம் வண்டி உள்ளே வந்தவுடன், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடு. இந்தக் கீறல் முன்னாடி இல்லை என்கிற வழக்கே வராது. சில்வர் கதவுக்காரரையும் ஒருதரம் நீயே கூப்பிட்டுப் பேசு. இரண்டு பக்கமும் பரத்தி அடித்துத் தருகிறேன், பெயிண்ட் காசு மட்டும் கொடுங்க என்று சொல்லிப் பார். ஊர் சின்னது, அந்த வண்டி தினமும் உன் ஷெட்டைத் தாண்டித்தான் போகும்.

கடைசியில் ஒரு வரியில் எழுதியிருந்தாயே, ராத்திரியில் நெஞ்சை அடைக்கிறது, இருமல் நிற்கவில்லை என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. நீ லாரியில் அடித்ததற்கும் இப்போது அடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பி.யூ. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற சமாச்சாரம் இருக்கிறது, அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருதரம் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். துண்டை மூக்கில் கட்டுவதால் ஒரு பிரயோஜனமும் கிடையாது, பஞ்சு முகமூடியும் உதவாது. நம் மேஸ்திரி உக்கடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தபோது இந்த ஹார்டனரெல்லாம் கிடையாது, அதனால் அவரும் சொல்லவில்லை. இந்த வாரமே ஈரோடு போய் நெஞ்சு டாக்டரைப் பார், என்ன பெயிண்ட் அடிக்கிறாய் என்று மறக்காமல் அவரிடம் சொல். அவர் சரி என்று சொல்லும்வரை கன்னைப் பையன்களிடம் கொடு, அவர்களையும் மாஸ்க் இல்லாமல் அடிக்க விடாதே.

கார்பன் டப்பா வைத்த மாஸ்க் மூன்றும், மாற்று டப்பாக்களும் நாளைக்கு சேலம் பஸ்ஸில் பார்சல் போடுகிறேன். கூடவே வெட்டி வைத்த அட்டைகளும் இருக்கும். டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே போன் போடு, கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே.

உன் மச்சான்