பத்து நீலம், ஒரு மஞ்சள்: ஒரு நன்றி மடல்

அன்பான கழக உறவுகளுக்கு,

எங்கள் உதைபந்தாட்டக் கழகம் தொடங்கியது 1962 இலா 1972 இலா என்று இரண்டு மாதமாக நடந்த இழுபறி ஊருக்கே தெரியும், அதைக் கிளறவில்லை. 62 காரரும் 72 காரரும் நேற்று வாசிகசாலைத் திண்ணையில் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். அந்தச் சூடு ஆறமுன் இதை எழுதுகிறோம்.

கொழும்பு தேசிய சுவடிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு இருந்து பழைய வீரகேசரியும் தினகரனும் புரட்டிய பிள்ளைகளுக்கு நன்றி. நூலகம் இணையத்தளத்தில் ஈழநாட்டைத் தேடித் தந்தவர்களுக்கும் நன்றி. 1981 இல் அந்தப் பத்திரிகைக் கட்டடம் எரிந்ததால் தேடல் எவ்வளவு கடினமென்று தெரியும். கனடாவிலும் சுவிசிலும் இருந்து படம் அனுப்பியவர்களே, வட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் எழுத்துக் கலங்கும், பைலாகத் திரும்ப அனுப்புங்கள் என்றபோது ஒருவரும் சலிக்கவில்லை. படத்தின் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பியவர்களுக்கு இரட்டை நன்றி. ஸ்ரூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும்.

கழக யாப்பின் (சட்டவிதிகளின்) பிரதியைப் பார்த்துச் சொன்ன ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயாவுக்கும் ஒரு வரி. அதிலிருந்த முத்திரையில் ‘கிளிநொச்சி மாவட்டம்’ என்று இருந்தது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல். அதற்கு முன் இது யாழ்ப்பாண மாவட்டம். ஆக, முத்திரை பிந்திக் குத்தியது. அதை வைத்துத் தாளும் பொய் என்று சொல்லவும் முடியாது, தாள் பழையது என்று சொல்லவும் முடியாது. இரண்டு பகுதியும் சறுக்கியது அந்த ஒரு முத்திரையில்தான்.

இனித் தையற்கார ஐயாவின் மனைவியான அம்மாவுக்கு வருவோம்.

அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவுமில்லை. சங்கக் கடையில் சண்டைக் கதை காதில் விழுந்து, ஒரு சொப்பிங் பையோடு தானாகவே வந்தார். “தம்பியவை, அவர் உங்கடை ஆக்களுக்குத் தைச்சது இதுக்குள்ளை கிடக்கு.” பைக்குள் ஐயாவின் அளவுக் கொப்பி. இடப்பெயர்வு அத்தனைக்குள்ளும் அது தப்பியதற்குக் காரணம் பந்தாட்டம் இல்லை. தரவேண்டியவர்களின் கணக்கு அதில் இருந்தது.

அந்தப் பக்கத்தில் இருப்பது இதுதான்: ‘வாசிகசாலைப் பொடியள். சட்டை 11. நீலம் 10, மஞ்சள் 1.’ கீழே 36 இஞ்சி அகலத் துணியில் நீலம் 20 யார், மஞ்சள் 2 யார். ஒவ்வொரு ஆளுக்கும் நெஞ்சு, தோள், நீளம். ஓரத்தில் இரண்டு துணித்துண்டு, துருப்பிடித்த குண்டூசியில் குத்தியபடி. பத்து ஒரு நிறம், ஒன்று வேறு நிறம் என்றால் அந்த ஒன்று கோலிக்கு (பந்துகாப்பாளருக்கு). கரப்பந்தாட்டத்துக்கோ நாடகத்துக்கோ அப்படித் தைப்பதில்லை. யார்க் கணக்கும் இஞ்சிக் கணக்கும் இருப்பதால் பழையது என்று சிலர் துள்ளினார்கள். அது சாட்சி இல்லை, தையற்காரர் இன்றைக்கும் அப்படித்தான் அளக்கிறார்கள். அட்டையில் ‘சிலோன்’ என்று அச்சிட்டிருப்பதும் போதாது. நாட்டின் பெயர் மாறியது 1972 மே மாதம், ஆனால் கடையில் தேங்கிய கொப்பி அதற்குப் பிறகும் விற்றிருக்கும்.

காலத்தைச் சொன்னது தமிழ் வருஷப் பெயர். ஐயா ஆங்கிலத் திகதி எழுதுவதில்லை. பக்கத்தின் தலையில் ஆனி மாதமும் ஒரு வருஷப் பெயரும். சுபகிருது என்றால் 1962, சோபகிருது என்றால் 1963. முதலெழுத்து இருந்த இடத்தில் ஈரம் பட்டு ஊதாவாகப் பரவியிருந்தது. அந்தக் காலத்துக் கொப்பிப் பென்சில் நனைந்தால் அப்படித்தான் ஆகும். (அதனால்தான் விரலை எச்சில் தொட்டுத் தாள் புரட்ட வேண்டாமென்று கத்தினோம். மன்னிக்கவும்.) யன்னலோரம் சரிவான வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுத்த படத்திலும் அந்த எழுத்துப் பிடிபடவில்லை.

அம்மா அந்த எழுத்தோடு மினக்கெடவே இல்லை. இரண்டு பின்னேரம் எங்களோடு இருந்து, கொப்பியை முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். ஐயாவின் சுருக்கெழுத்தெல்லாம் அவருக்கு மனப்பாடம். முன்பக்கங்களில் பிலவ மாசி, பிலவ பங்குனி. பிறகு சித்திரை, வைகாசி, எங்களுடைய ஆனி. அதற்குப் பிறகும் பத்துப் பதினைந்து தாள் கழித்துத்தான் ‘சோபகிருது சித்திரை’, கொம்பும் அரவும் தெளிவாக. பிலவவுக்கு அடுத்தது சுபகிருது. ஆக 1962, ஆனி யூன் நடுவில் தொடங்கி யூலை நடுவில் முடியும்.

இதனால் 72 காரர் தோற்றார்கள் என்று எவரும் பட்டாசு கொளுத்த வேண்டாம். கொப்பியில் கழகத்தின் பெயர் இல்லை, ‘வாசிகசாலைப் பொடியள்’ என்றுதான் இருக்கிறது. அணி இருந்தது என்பதற்கு 1962 சாட்சி. பெயரும் யாப்பும் வந்தது வேறு கதை. இங்கிலாந்தின் பழைய கழகங்களுக்கும் இதே இழுபறிதான். நொட்ஸ் கவுன்ரி 1862 என்கிறது, முறையாக அமைத்தது 1864 டிசம்பரில். ஸ்ரோக் சிற்றி தன் சின்னத்தில் 1863 போட்டது, எழுத்தில் அகப்படும் முதல் ஆட்டம் 1868 இல். கிறிஸ்ரல் பலஸ் 1905 என்றே இருந்துவிட்டு, 2020 இல் 1861 க்கு உரிமை கோரியது. எங்கள் மலரில் இரண்டு ஆண்டையும் இரண்டு வரியாக, எது எதற்கென்று சொல்லிப் போடுகிறோம். சட்டையில் எதைப் பொறிப்பதென்பது பொதுக்கூட்டத்தின் வேலை.

கொப்பி அம்மாவிடமே இருக்கும். படப்பிரதி மூன்று இடத்தில் இருக்கும். லமினேற் பண்ணலாம் என்று வந்தவர்களை மறித்துவிட்டோம், ஒருமுறை ஒட்டினால் பிரிக்கேலாது. குண்டூசியையும் பிடுங்கவில்லை, துணி கிழியும்.

ஒன்று மட்டும் மிச்சம். காசு தந்தவர்களின் கணக்கை ஐயா குறுக்குக் கோடு போட்டு வெட்டியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் கோடு இல்லை, ‘மிச்சம் 4.50’ என்று அப்படியே கிடக்கிறது. கழகம் அதைக் கொடுக்கப் போனது. அம்மா வாங்கவில்லை.

“வாங்கினா வெட்ட வேணும். வெட்டினா அவற்றை எழுத்துப் பழுதாப் போம்.”

நன்றியுடன்,
கழக வரலாறு தொகுப்புக் குழு