மலேசியாவின் லங்காவித் தீவில் உதவிய அண்ணனுக்கு
1979-இல் கட்டிய பாய்மரப் படகு. மழை பெய்தால் என் படுக்கைக்கு மேலே சொட்டும். சொட்டுகிற இடத்திலேயே மூன்று டியூப் சிலிகோன் பசை அப்பியிருந்தேன், சொல்லவே வெட்கம்.

பக்கத்துப் படகில் வேலையாக இருந்த அண்ணே, நீங்களாகத்தான் ஏறி வந்தீர்கள். "தண்ணி நுழையிற இடம் வேற தம்பி" என்றீர்கள். ஜன்னல் இடுக்குகளை டேப்பால் அடைத்து, இலை ஊதும் மெஷினால் கேபினுக்குள் காற்றை ஏற்றி, தளத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தீர்கள். படுக்கையிலிருந்து நாலடி தள்ளி, ஓரக் கம்பியின் அடிப் போல்டைச் சுற்றிக் குமிழ் குமிழாகப் பொங்கியது! தளத்தின் உள்ளடுக்கில் ஊறிப்போயிருந்த லேசான பால்சா மரத்தைச் சுரண்டி, காயவிட்டு, துளையை எபாக்சிப் பிசினால் அடைத்து மறுபடி துளைத்து, அப்புறம் பியூட்டில் என்ற ஒட்டும் ரப்பர் டேப் சுற்றி முடுக்கினீர்கள். வாங்கிக்கொண்டது ஒரு தே தாரிக், அந்த ஊர் ஆற்றிய பால் டீ, மட்டும். நான் பெயர்கூடக் கேட்கவில்லை.

நேற்று இரவு முழுக்க மழை, அண்ணே. தலையணை காய்ந்தே கிடந்தது.