ரஷ்ய மொழிக்கு இங்கிலீஷ் வழியாகச் சுற்றிப் போவானேன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு யோசனை சொல்லும் பத்திகள் உங்கள் கல்விப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. பாஸ்போர்ட், ஃபீஸ், கம்பளிக் கோட்டு எல்லாம் இருக்கிறது, மொழியை மட்டும் 'அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். பாடம் இங்கிலீஷில் நடக்கும், சரி. வார்டுக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிற கிழவி, எங்கே வலிக்கிறது என்று இங்கிலீஷிலா சொல்வாள்?

நான் மதுரையில் ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே தபால் பிரிவில் தபால் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1983இல் தமுக்கம் பொருட்காட்சியில் சோவியத் புத்தகம் விற்ற ஒரு கடையில், ஏழோ எட்டோ ரூபாய்க்கு, தானே ரஷ்யன் கற்றுக்கொள்ளும் புத்தகம் ஒன்று வாங்கினேன். கெட்டி அட்டை, மாஸ்கோவில் அச்சடித்தது. கூடவே இசைத்தட்டு உண்டு என்று முன்னுரை சொன்னது, கடைக்கு வந்தது புத்தகம் மட்டும்தான். நைட் டியூட்டியில் மூட்டை வருவதற்கு முந்தைய அரைமணி நேரம், அப்படியே மூன்று வருஷம் படித்தேன். எழுத்து 33. அதில் சில நம்மை ஏமாற்றும், இங்கிலீஷ் எழுத்து மாதிரியே இருக்கும், ஒலி வேறு. அவர்கள் எழுதும் ரெஸ்டரான் என்ற பலகையை நாம் வாசித்தால் 'பெக்டோபா' என்று வரும். கையெழுத்து அதைவிட மோசம், 'பத்து'வில் வரும் த ஒலிக்கான எழுத்து எம் போலவும் 'பந்து'வில் வரும் த ஒலிக்கானது ஜி போலவும் இருக்கும். விலாசம் படித்தே பழகிய எனக்கு அதுதான் பிடித்தது.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் புத்தகம் இங்கிலீஷ்காரனை மனதில் வைத்து எழுதியது. 'இது வீடு' என்பதற்கு ரஷ்யனில் 'எத்தா தோம்' என்றால் போதும், நடுவில் 'ஈஸ்' கிடையாது, 'ஏ', 'தி' எதுவும் கிடையாது என்று அரைப்பக்கம் விளக்கி, இது விசித்திரமாகத் தோன்றும், பயப்படாதே என்கிறது. நமக்கு என்ன விசித்திரம்? நாம் பிறந்ததிலிருந்து அப்படித்தானே பேசுகிறோம். 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதை அவர்களும் 'உ மின்யா யெஸ்ட் க்னீகா', என்னிடம் இருக்கிறது புத்தகம், என்றுதான் சொல்கிறார்கள். எனக்குக் குளிருகிறது, எனக்குப் பிடிக்கும், எனக்கு இத்தனை வயது, இதிலெல்லாம் அவர்களுக்கும் நம்மைப் போலவே 'எனக்கு'தான். நீ, நீங்கள் என்ற வித்தியாசமும் உண்டு. 'படித்தேன்', 'படித்துவிட்டேன்' என்று நாம் பிரிப்பதற்கு ஏறக்குறைய ஈடாக அவர்களுக்குப் பெரும்பாலான வினைச்சொற்களுக்கு இரட்டை வடிவம் இருக்கிறது. இதை நான் இங்கிலீஷில் எட்டு பக்கம் படித்தும் புரியாமல், ஒருநாள் பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது 'அட, நம்ம விட்டேன்தானே இது' என்று சட்டென்று பிடிபட்டது. அந்த மொழியில் இங்கிலீஷ்காரன் வாயில் வராத ஓர் உயிர் ஒலிகூட, நாம் 'காசு', 'பாட்டு' என்று சொல்லும்போது உதடு குவியாமல் கடைசியில் விழுமே குற்றியலுகரம், அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

எல்லாம் சுலபம் என்று சொல்லவில்லை. வேற்றுமை அவர்களுக்கு ஆறு, நமக்கு எட்டு, ஆனால் நம் 'ஆல்' கத்திக்கும் மரத்துக்கும் ஒன்றேதான். அங்கே பாலுக்குப் பால் விகுதி மாறும், மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் இரண்டும் இல்லை. இதில் தமிழ் கைகொடுக்காது, மனப்பாடம்தான். நடந்து போவதற்கு ஒரு சொல், வண்டியில் போவதற்கு வேறு சொல் என்பதும் என்னை நிறைய அலைக்கழித்தது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி போன வருஷம் அங்கே படிக்கப் போனாள். போனில் ஏதோ ஆப் வைத்திருந்தாள், 'பூனை மீன் தின்கிறது' என்று அழகாகச் சொல்வாள், விகுதி ஏன் மாறியது என்று கேட்டால் தெரியாது. என் பழைய புத்தகத்தில் அட்டவணை, பயிற்சி, பின்னால் விடை எல்லாம் ஒழுங்காக இருந்தன, இரண்டு மாதம் உட்கார்ந்து போட்டோம். ஆனால் லீவில் வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பாலுக்கு நான் சொல்லிக்கொடுத்தது 'மொலோகோ'. அழுத்தம் விழாத ஓ அங்கே ஆ மாதிரி ஆகிவிடும், 'மலகோ' என்பார்களாம் தாத்தா, என்றாள். அழுத்தக்குறி புத்தகத்தில் இருந்தது, காதில் கேட்காமல் எனக்கு அது வெறும் கோடு. அப்புறம் கடையில் போய் 'தவாரிஷ்', அதாவது தோழரே, என்று சோவியத் காலத்து மாதிரி கூப்பிட்டிருக்கிறாள் பாவம். புத்தகத்தில் லெனின்கிராடுக்கு ரயில் டிக்கெட் எடுக்கிறார்கள், 1991இலேயே அந்த ஊர் மறுபடியும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிவிட்டது. இலக்கணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பழையது என்று தூக்கிப் போடாமல் நம் நூலகங்களில் இந்தப் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்கலாம். நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூலகத்தில் இடத்துக்கா பஞ்சம்? அதைவிட முக்கியம், இலக்கணம் தெரிந்த யாராவது இதைத் தமிழ் வழியாக எழுத வேண்டும், ஒலியைக் கேட்க இப்போது தட்டு தேவையில்லை, போன் போதும். அதுவரை உங்கள் கல்விப் பக்கத்தில் வாரம் பத்து வரி ஒதுக்குங்கள். என் பிரதியில் வேற்றுமை அட்டவணையின் ஒரு மூலையைக் கரையான் தின்றுவிட்டது, மற்றபடி நன்றாக இருக்கிறது, கேட்டால் தருகிறேன், திருப்பித் தந்துவிட வேண்டும்.

– ஓய்வு பெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர், செல்லூர், மதுரை